ஒரு தூண்டில், இரண்டு பேர்: கொலராடோ பனியில் டிரவுட்

ஜனவரியில் மீன் பிடிக்கப் போகிறோம் என்று சொன்னால் டென்வரில் இருக்கும் நம்மாட்கள் முதலில் கேட்பது, "ஆறு உறைஞ்சு கிடக்குமே, ஐஸை உடைச்சா பிடிப்பீங்க?" என்பதுதான். ஏரியில் ஐஸைத் துளைத்து உட்கார்ந்து பிடிப்பது வேறு விஷயம், அதற்கும் இங்கே நிறைய பேர் போகிறார்கள். நானும் என் நண்பனும் போவது ஓடுகிற தண்ணீருக்கு. டென்வருக்குத் தென்மேற்கே மலைக்குள் டெக்கர்ஸ் என்று ஒரு சின்ன ஊர் இருக்கிறது, அதை ஒட்டி ஓடுவது சௌத் பிளாட் ஆறு, அதற்குக் கொஞ்சம் மேலே சீஸ்மன் பள்ளத்தாக்கு, அதன் தலைமாட்டில் சீஸ்மன் அணை. வெளியே குளிர் பூஜ்யத்துக்குக் கீழே பத்து டிகிரி இருக்கும், கரையெல்லாம் முழங்கால் பனி, நடுவே ஆறு கண்ணாடி மாதிரி ஓடிக்கொண்டிருக்கும்.

அது ஏன் உறைவதில்லை என்று புரிந்துகொண்டால் மீன் எங்கே நிற்கும் என்பதும் பாதி புரிந்துவிடும். தண்ணீர் மிக அடர்த்தியாக இருப்பது 4 டிகிரி செல்சியஸில். அதைவிடக் குளிர்ந்தால் லேசாகி மேலே வந்துவிடும். அதனால் குளிர்காலத்தில் நீர்த்தேக்கத்தின் மேல்பரப்பு உறைந்து கிடக்கும்போதும் அடியில் இருக்கும் தண்ணீர் 4 டிகிரியை ஒட்டியே இருக்கிறது. சீஸ்மன் அணையில் அந்த அடித்தண்ணீரைத்தான் திறந்துவிடுகிறார்கள். 1905-இல் கட்டி முடித்த, 221 அடி உயரமுள்ள கல் அணை அது. டென்வருக்குக் குடிதண்ணீர் சேர்க்கக் கட்டியதுதான், ஆனால் கோடையில் சில்லென்றும் குளிர்காலத்தில் உறையாமலும் தண்ணீர் வருவதால் கீழே டிரவுட் என்கிற குளிர்நீர் மீனுக்குப் பிரமாதமான வீடு அமைந்துவிட்டது. அணையிலிருந்து தள்ளிப் போகப் போக இந்த வசதி குறையும், தண்ணீர் மெல்லக் காற்றின் குளிருக்கு இறங்கும், ஓரங்களில் ஐஸ் கட்டத் தொடங்கும். ஆகவே குளிர் கடுமையாக இருக்கிற வாரத்தில் அணைக்குப் பக்கமாகப் போவது, கொஞ்சம் தணிந்த வாரத்தில் கீழே டெக்கர்ஸ் பாலத்துப் பக்கம் நிற்பது, இதுதான் எங்கள் வழக்கம்.

என் நண்பன் மதுரையில் என்னோடு கல்லூரியில் படித்தவன், எனக்கு முன்பே கொலராடோ வந்தவன், ஃப்ளை ராடை, அதாவது முள்ளில் பூச்சி போல நூல் சுற்றிக் கட்டிய செயற்கை ஈயை வீசும் தூண்டிலை, பிடிக்க எனக்குச் சொல்லிக்கொடுத்தவன். கோடையில் நாங்கள் போனால் ஆளுக்கொரு ராடு, ஆளுக்கொரு திசை, சாயங்காலம் காரில்தான் பார்த்துக்கொள்வோம். குளிர்காலத்தில் அப்படி இல்லை. இருவருக்கும் சேர்த்து ஒரே ராடு, ஒருவர் வீசுவார், இன்னொருவர் பார்ப்பார், ஒரு மீன் கிடைத்ததும் அல்லது விரல் மரத்ததும் கை மாறும். முதலில் இது அவனுடைய யோசனை. "ரெண்டு பேரும் வீசுனா ரெண்டு பேருக்கும் கிடைக்காது மாப்ளே" என்றான். சரியாகத்தான் சொன்னான். தனியாகப் போனதையும் சேர்ந்து போனதையும் ஒப்பிட்டுப் பார்த்தபிறகு, பனிக்கால டிரவுட் என்பது இரண்டு பேர் சேர்ந்து செய்கிற வேலை என்றே நான் நினைக்கிறேன். எழுத வந்ததும் அதைச் சொல்லத்தான்.

காரணம் மீனிடமே இருக்கிறது. டிரவுட்டின் உடம்பு தண்ணீரின் சூட்டையே கொண்டது. 4 டிகிரி தண்ணீரில் அதற்குச் செரிமானம் மெதுவாகிவிடும், பசி குறையும், ஓட்டமான தண்ணீரில் நின்று துடுப்படிக்கத் தெம்பு செலவழிக்காது. கோடையில் வெள்ளைநுரை ஓட்டத்தில் நிற்கிற அதே மீன் இப்போது ஆழமான மடுவில், மெதுவாக நகரும் தண்ணீரில், அடித்தரையை ஒட்டிக் கிடக்கும். இரைக்காக நாலடி விரட்டிப் போகாது. வாய்க்கு நேராக வந்தால் திறக்கும், அரையடி தள்ளிப் போனால் போகட்டும் என்று விட்டுவிடும். ஆகவே மீன் எங்கோ இருக்கிறது என்று நம்பி வீசுவதில் பயனில்லை, இந்த மீன் இங்கே இந்தக் கல்லுக்குப் பின்னால் என்று கண்ணால் பார்த்து, அதன் மூக்குக்கு நேராக ஈயைக் கொண்டுபோக வேண்டும். ராடு பிடித்து நிற்பவன் தண்ணீர் மட்டத்தில் நிற்கிறான், அவன் கண்ணுக்குப் பாதி நேரம் வானம்தான் தெரியும். கரையில் உயரமான பாறைமேல், தண்ணீரின் பளபளப்பை மறைக்கும் போலரைஸ்டு கண்ணாடி போட்டு நிற்பவனுக்கு மடுவின் அடி வரை தெரியும்.

பார்ப்பதற்கும் பழக்கம் வேண்டும். மீனைத் தேடினால் தெரியாது. டிரவுட்டின் முதுகு கூழாங்கல் நிறத்திலேயே இருக்கும். நிழலைத் தேட வேண்டும். தரையில் ஒரு கறுப்புக் கோடு லேசாக ஆடினால் அதற்கு மேலே மீன் இருக்கிறது. அப்புறம் வாய். மீன் இரையை எடுக்கும்போது வாயின் உள்பக்கம் ஒரு நொடி வெள்ளையாக மின்னும். அது மின்னுகிறதென்றால் அந்த மீன் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது, அதற்கு நேரம் செலவழிக்கலாம். அசையாமல் கிடக்கிற மீனை, எவ்வளவு பெரியதாக இருந்தாலும், விட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவோம். இன்னொன்று, குளிர்காலச் சூரியன் தாழ்வாக இருப்பதால் ஆளின் நிழல் நீளமாக விழும். அணையில் குறைவாகத் திறக்கிற காலம் அது, தண்ணீர் ஆழம் குறைந்து துல்லியமாகத் தெளிந்திருக்கும், ஒரு தலையின் நிழல் மடுமேல் விழுந்தால் போதும், அங்கே இருந்த மீனெல்லாம் ஒதுங்கிவிடும். எங்கே நிற்பது என்பதை முடிவு செய்யும்போது சூரியனைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

என்ன சாப்பிடுகிறது என்று கேட்டால், பெரும்பாலும் மிட்ஜ். கொசு போலவே இருக்கும், கடிக்காது. மற்ற பூச்சிகள் பருவத்துக்குப் பருவம் வந்து போகும், இது மட்டும் வருடம் முழுவதும் உண்டு. முட்டையிலிருந்து வந்த புழு கல்லிலும் சேற்றிலும் இருக்கும், பிறகு கூட்டுப்புழுவாகி மேலே மிதந்து ஏறும், அங்கே தோல் உரித்துப் பறக்கும். காலையில் மீன் அடியிலேயே புழுவைத் தின்னும், பகல் ஏறி, வெயில் கொஞ்சம் பட்டதும் கூட்டுப்புழுக்கள் கிளம்பும், அப்போது மீனும் ஓரடி மேலே வந்து நிற்கும். காலை பத்து மணிக்குச் சரியாக இருந்த ஆழம் மதியம் ஒரு மணிக்குச் சரியாக இருக்காது. இதைக் கவனித்துச் சொல்வதும் பாறைமேல் நிற்பவன் வேலை.

மிட்ஜ் என்றால் நம் ஈயும் அந்த அளவுக்குத்தான் இருக்க வேண்டும். 20, 22, 24 எண் முள், எண் கூடக் கூட முள் சிறிதாகும். 22 எண் முள்ளில் கட்டிய ஈ ஒரு அரிசி மணியைவிடப் பெரிதாக இருக்காது. கறுப்பு நூலைச் சுற்றி அதன்மேல் வெள்ளிக் கம்பியை வளையம் வளையமாக ஓட்டினால் ஜீப்ரா மிட்ஜ், இதைவிட எளிதாகக் கட்டக்கூடிய ஈ இல்லை, இதைவிட அதிகமாக மீன் கொடுத்த ஈயும் எங்கள் டப்பாவில் இல்லை. இன்னொன்று ஆர்எஸ்2. கொலராடோவிலேயே இருந்த ரிம் சுங் என்பவர் உருவாக்கியது, வால் இரண்டு இழை, சாம்பல் நிற உடம்பு, இறகில் ஒரு சின்னக் குச்சம், அவ்வளவுதான். சௌத் பிளாட்டில் இரண்டையும் வைத்துக்கொண்டு ஒரு குளிர்காலத்தையே ஓட்டிவிடலாம். கடையில் விற்கிற கலர் கலரான ஈக்களுக்குப் புதிதாக வருபவர்கள் நிறையக் காசு கொடுக்கிறார்கள், அந்தக் காசில் நல்ல கையுறை வாங்கலாம்.

கட்டும் முறை இது. ஒன்பதடி ராடு, ஐந்தாம் எண் லைன் (எண் அதன் எடையைக் குறிக்கும்), நுனியில் லைனையும் ஈயையும் இணைக்கும் ஒன்பதடி லீடர், அதன் கடைசியில் 6எக்ஸ் என்கிற மிக மெல்லிய நரம்பு. முதல் ஈ சற்றே பெரியது, அதிலிருந்து ஓரடி நரம்பு விட்டு இரண்டாவதாக மிட்ஜ். முதல் ஈக்கு முக்கால் அடி மேலே ஒரு சின்ன எடைக்குண்டு. அதற்கு மேலே, தண்ணீரின் ஆழத்தைப்போல ஒன்றரை மடங்கு தூரத்தில் தக்கை. இந்தக் குண்டும் தக்கையும்தான் குளிர்காலத்தில் எல்லாமே. மீன் எடுக்கவில்லை என்றால் பெரும்பாலானவர்கள் ஈயை மாற்றுவார்கள். நாங்கள் முதலில் குண்டை மாற்றுவோம். ஒரு பொடிக்குண்டு கூடச் சேர்ப்போம், இல்லையென்றால் தக்கையை நாலு விரல் ஏற்றுவோம். ஈ அவ்வப்போது தரையைத் தொட்டுச் செல்கிறது என்றால் ஆழம் சரி, ஒருமுறைகூடத் தொடவில்லை என்றால் மீனுக்கு மேலே எங்கேயோ போய்க்கொண்டிருக்கிறது, எந்த ஈயைப் போட்டாலும் ஒன்றுதான்.

அதேபோல் இழுப்பு. மேலே ஓட்டம் வேகம், அடியில் மெதுவு. லைன் மேலோட்டத்தில் மாட்டினால் தக்கை வேகமாக ஓடும், அடியில் ஈ இழுபடும், இழுபடுகிற ஈயைப் பனிக்கால மீன் தொடாது. வீசியதும் ராடு நுனியால் லைனைத் தூக்கி மேல்நீர்ப் பக்கமாகப் போட்டுவிட வேண்டும், தக்கை நுரைக்குமிழியைவிடச் சற்று மெதுவாகப் போக வேண்டும். அப்படிப் போகும்போது தக்கை முங்கும் என்று காத்திருக்காதீர்கள். முங்காது. இந்தக் குளிரில் டிரவுட் கடித்துக்கொண்டு ஓடுவதில்லை, வாயில் வாங்கிப் பார்த்துத் துப்பிவிடும். தக்கை ஒரு கணம் தயங்கும், அவ்வளவே. பல நேரம் அதுவும் தெரியாது. இங்கேதான் பாறைமேல் நிற்பவன் கை கொடுக்கிறான். ஒரு மதியம் பாசி படிந்த பெரிய கல்லுக்குக் கீழே நின்ற ஒரு பிரௌன் டிரவுட்டுக்கு நான் திரும்பத் திரும்ப வீசிக்கொண்டிருந்தேன். "வலது பக்கம் ஒரு சாண்... போயிருச்சு, மறுபடி... இப்ப சரி, வருது, வருது, திரும்புது, தூக்கு!" தக்கை துளிகூட அசையவில்லை, அவன் குரலுக்குத்தான் தூக்கினேன், ராடு வளைந்தது. மீன் தலையைத் திருப்பியதை அவன் மேலிருந்து பார்த்திருக்கிறான். என் கையும் அவன் கண்ணும் சேர்ந்து பிடித்த மீன் அது, யார் பிடித்தது என்று எங்கள் வீட்டில் கேட்டால் இரண்டு பேர் பெயரையும்தான் சொல்வோம்.

தூக்குவது என்றால் வெடுக்கென்று இழுப்பதில்லை. 6எக்ஸ் நரம்பு தலைமுடியளவு, அறுந்துவிடும். மணிக்கட்டை மட்டும் கீழ்நீர்ப் பக்கமாக மடக்கினால் போதும்.

சரி, குளிர் விஷயத்துக்கு வருகிறேன். ராடின் வளையங்களில் ஐஸ் கட்டும். நுனி வளையம் முதலில் அடைபடும், காரணம் அது மிகச் சின்னது. லைனை இழுத்து இழுத்து விடும்போது லைனோடு வருகிற தண்ணீர் வளையத்தில் தங்கி உறைகிறது. ஆகவே இழுக்காமலே வீசுவதுதான் முதல் மருந்து: தேவையான நீளத்தை ஒருமுறை அளந்து விட்டுவிட்டு, அதே நீளத்தைத் தூக்கித் தூக்கிப் போடுங்கள், தூரம் போதவில்லை என்றால் லைனை நீட்டாமல் நீங்கள் இரண்டடி நகருங்கள். வளையத்தில் உதட்டுக்குத் தடவுகிற பாமைத் தடவினால் கொஞ்ச நேரம் தாங்கும். கட்டிவிட்டால் ராடு நுனியை ஆற்றுக்குள் முக்கிப் பிடியுங்கள், ஆற்றுத் தண்ணீர் 4 டிகிரி, ஐஸ் கரைந்துவிடும். விரலால் உடைத்தெடுக்கப் பார்த்தால் ராடு நுனிதான் உடையும். ரீலைத் தண்ணீரில் நனைக்கவே கூடாது, நனைந்து உறைந்தால் பெரிய மீன் ஓடும்போது சுழலாது.

காலுக்கு, ஒரு மெல்லிய காலுறை, அதன்மேல் ஒரு கனத்த கம்பளிக் காலுறை. மூன்று நான்கு போட்டு ஷூவுக்குள் திணித்தால் ரத்த ஓட்டம் நின்று முன்பைவிடச் சில்லிட்டுவிடும். விரல்களை உள்ளே ஆட்ட இடம் இருக்க வேண்டும். உடம்பில் பருத்தித் துணி எதுவும் வேண்டாம், வியர்வையைக் குடித்து வைத்துக்கொண்டு பிறகு ஐஸ் போல ஒட்டும். கம்பளியோ செயற்கை நூல் துணியோ மட்டும். வேடர் என்கிற நீர்புகாத மார்புக் கால்சட்டைக்கு இடுப்பு பெல்ட்டை இறுக்கிக் கட்டிக்கொள்ளுங்கள், விழுந்தால் தண்ணீர் உள்ளே பாயாமல் காப்பது அதுதான். அடியில் ஃபெல்ட் ஒட்டிய பூட்ஸ் பனியில் உதவாது, நடக்க நடக்கப் பனி அப்பிக் கட்டையாகிவிடும். ரப்பர் அடியும் ஆணியும் உள்ளதே நல்லது.

கரையோர ஐஸ் மேல் ஏறாதீர்கள். மேலே திடமாகத் தெரியும், அடியில் தண்ணீர் அரித்து வெற்றிடமாக இருக்கும். ஆற்றில் இறங்க வேண்டுமென்றால் ஐஸ் இல்லாத கூழாங்கல் திட்டு வழியாக இறங்க வேண்டும். முழங்காலுக்கு மேலே போக வேண்டிய தேவையே குளிர்காலத்தில் பெரும்பாலும் வராது. காரில் ஆளுக்கொரு செட் முழு மாற்றுடை, துண்டு, போர்வை எப்போதும் இருக்கும். சாவி வேடருக்குள் நீர்புகாத பையில். பள்ளத்தாக்கில் செல்போன் சிக்னலை நம்ப முடியாது, ஆகவே எங்கே நிற்கிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று கிளம்புவதற்கு முன்பே வீட்டில் சொல்லிவிடுவோம்.

தனியாகப் போகாதீர்கள் என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான். உடம்புச் சூடு இறங்கும்போது இறங்குகிறவனுக்கு அது தெரிவதில்லை. கை தடுமாறும், முடிச்சுப் போட வராது, பேச்சு குழறும், "நல்லாத்தான் இருக்கேன், இன்னும் ஒரு மீன்" என்பான். பக்கத்தில் இருப்பவனுக்குத்தான் தெரியும். எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம் உண்டு: ஒருவன் "போதும், ஏறு" என்றால் மற்றவன் ஏன் என்று கேட்கக் கூடாது. ஒரு பிப்ரவரியில் மேகம் மூடிக் காற்று கிளம்பியது, மீனும் நன்றாக எடுத்துக்கொண்டிருந்தது, அவன் முடிச்சு ஒன்றுக்கு மூன்று தடவை முயன்றதைப் பார்த்து "ஏறுடா" என்றேன். ஒரு வார்த்தை பேசாமல் ஏறினான். காரில் ஹீட்டரைப் போட்டு, பிளாஸ்கில் இருந்த மிளகு ரசத்தை ஊற்றிக் கொடுத்ததும் பத்து நிமிடம் கழித்துத்தான் அவனுக்கு நடுக்கமே வந்தது. காபியைவிட ரசம் நல்லது, உப்பும் போகும், சூடும் நிற்கும். எலுமிச்சைச் சாதம் இந்தக் குளிரில் கல்லாகிவிடும், சப்பாத்திச் சுருள் பரவாயில்லை.

மீனுக்கும் நாம் செய்ய வேண்டியது இருக்கிறது. சீஸ்மன் பள்ளத்தாக்கில் செயற்கை ஈயும் செயற்கை இரையும் மட்டுமே அனுமதி, பிடித்த எந்த மீனையும் திரும்ப விட்டாக வேண்டும். ஊரில் இதைச் சொன்னால் "அப்புறம் எதுக்குடா பிடிக்கிறீங்க" என்பார்கள். கொலராடோவில் ஓர் ஆற்றுப் பகுதிக்குக் கோல்டு மெடல் என்ற தகுதி கிடைக்க, ஏக்கருக்கு 60 பவுண்டு டிரவுட்டும், அதில் 14 அங்குலத்துக்கு மேற்பட்டவை குறைந்தது 12-உம் இருக்க வேண்டும். டென்வர் மாதிரி ஒரு நகரத்தின் பக்கத்தில், இத்தனை பேர் வந்து போகிற ஆற்றில் அந்த அளவு மீன் நிற்பது திரும்ப விடுவதால்தான். முள்ளின் நுனியில் பின்பக்கமாக நீட்டி நிற்கும் எதிர்முள்ளைக் குறடால் நசுக்கிவிடுங்கள், எளிதாகக் கழலும். கையுறையைக் கழற்றிக் கையை நனைத்துப் பிடியுங்கள், உலர்ந்த கையும் கம்பளியும் அதன் மேல்தோல் வழுவழுப்பை உரித்துவிடும். கடும் குளிரில் மீனைத் தண்ணீரை விட்டு வெளியே எடுக்கவே வேண்டாம், ஈரச் செவுள் காற்றில் உறையக்கூடும். போட்டோ வேண்டுமென்றால் வலைக்குள் தண்ணீரிலேயே வைத்து எடுத்துக்கொள்ளலாம், அதற்கும் கூட ஒரு ஆள் வேண்டுமே.

காலை எங்கே வைக்கிறோம் என்பதும் அதில் சேர்த்தி. பிரௌன் டிரவுட் இலையுதிர் காலத்தில் முட்டையிடும், அந்த முட்டைகள் குளிர்காலம் முழுக்கச் சரளைக்குள் இருக்கும். ஆற்றடியில் மற்ற இடமெல்லாம் பாசி படிந்து மங்கலாக இருக்க, ஓரிடம் மட்டும் துடைத்தாற்போல வெளிறிய சரளையாகத் தெரிந்தால் அது மீன் வாலால் கிளறி முட்டையிட்ட இடம். அதில் மிதிக்கவே கூடாது, சுற்றிப் போங்கள்.

இந்த ஆற்றின்மேல் எனக்கு இருக்கிற பிடிப்புக்கு இன்னொரு காரணமும் உண்டு. டெக்கர்ஸுக்குக் கீழே டூ ஃபோர்க்ஸ் என்ற பெயரில் மிகப் பெரிய அணை ஒன்று கட்டத் திட்டம் இருந்தது. கட்டியிருந்தால் நாங்கள் நிற்கிற மடுவெல்லாம் நீர்த்தேக்கத்துக்கு அடியில் போயிருக்கும். 1990-இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அதைத் தடுத்தது. அப்புறம் 2002-இல் ஹேமன் காட்டுத்தீ, சுமார் 1,38,000 ஏக்கர். எரிந்த மலைச்சரிவில் மண்ணைப் பிடிக்க வேர் இல்லை, ஒவ்வொரு மழைக்கும் சாம்பலும் பொடிச்சரளையும் ஆற்றுக்குள் இறங்கி மடுக்களை மூடின. இன்றைக்கும் வழியெல்லாம் கருகிய மரங்கள் நிற்பதைப் பார்க்கலாம். அதையும் தாண்டித்தான் மீன் திரும்ப வந்திருக்கிறது. ஒரு ஆறு தப்பிப் பிழைப்பது தானாக நடப்பதில்லை, யாரோ சண்டை போட்டிருக்கிறார்கள், யாரோ கரையில் செடி நட்டிருக்கிறார்கள். ஒரு மீனைக் கவனமாகத் திரும்ப விடுவது நம் பங்குக்கு ஆகக் குறைந்தது.

போக நினைப்பவர்களுக்கு: மீன்பிடி உரிமம் 16 வயதிலிருந்து எல்லோருக்கும் கட்டாயம். டென்வரிலிருந்து 285-ஆம் நெடுஞ்சாலையில் பைன் ஜங்ஷன் வரை போய் அங்கிருந்து தெற்கே திரும்பி இறங்க வேண்டும். பள்ளத்தாக்குக்குள் போகும் கில் நடைபாதை டெக்கர்ஸ் வருவதற்குச் சற்று முன்னால் தொடங்குகிறது, அதில் நிழல் பக்கம் ஐஸ் பூசிக் கிடக்கும், பூட்ஸுக்கு மாட்டுகிற முள்சங்கிலி இல்லாமல் இறங்க வேண்டாம். முதல்முறை போகிறவர்கள் பள்ளத்தாக்கை விட்டுவிட்டு டெக்கர்ஸுக்குக் கீழே சாலையோரத்து மடுக்களில் நில்லுங்கள், காருக்கு எப்போது வேண்டுமானாலும் ஓடிவரலாம். விடியலில் போக வேண்டிய அவசியம் இல்லை, பத்து மணிக்குத் தண்ணீருக்குப் போனால் போதும், மூன்று மணிக்கு மலைநிழல் விழுந்ததும் கிளம்பிவிடுங்கள், இருட்டில் மான்கள் சாலைக்கு இறங்கும். கிளம்புவதற்கு முந்தைய இரவு ஆற்றில் எவ்வளவு தண்ணீர் விடுகிறார்கள் என்று இணையத்தில் பாருங்கள், அளவு நாலைந்து நாளாக மாறாமல் இருந்தால் போகலாம், திடீரென்று ஏறியோ இறங்கியோ இருந்தால் இரண்டு நாள் பொறுத்துப் போங்கள், மீன் புது ஓட்டத்துக்குப் பழக அவ்வளவு நேரமாவது எடுக்கும்.